உட்கார்ந்தால் வானம்

“மணிக்கூண்டுக்குக் கீழ மட்டும் போயிடாதீங்க. பாக்கிறதுக்கு விசாலமாத்தான் இருக்கும். வாணவேடிக்கை ஆரம்பிச்சதும் உங்களுக்கு முன்னாடி ஒரு அப்பா வந்து நிப்பாரு. அவரு தோள் மேல ஒரு குழந்தை ஏறும். அதோட உங்க கதை முடிஞ்சுது” என்று வலது காதில் வைத்த போனில் இடத்தக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இடது காதில் வைத்த போனில் ஒரு டாக்சி டிரைவர் காத்திருக்கிறார். “நீங்க எங்க நிக்கிறீங்க?” என்று அவரைக் கேட்கிறார். ஆஸ்பத்திரி வாசல் என்று பதில் வருகிறது. “அங்கேயே நில்லுங்க. நீலப் பை வச்ச அம்மா ஒருத்தங்க வருவாங்க.” மறுபடியும் வலது காது. இப்படி மாறி மாறிப் பேசியதில் ஒருமுறை தடம் மாறி, டிரைவரிடம், “வண்டியை நல்லா பின்னாடி தள்ளி, பிரேக்கைப் போட்டுட்டு, கழுத்தை நிமித்தி வானத்தைப் பாருங்க” என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரும் சொன்னபடியே செய்துவிட்டு, “பாத்துட்டேங்க, ஒண்ணையும் காணோமே” என்றாராம். டாக்சி ஆபீசில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் இல்லை.

டாக்சி ஆபீஸ் என்பது டயர்க் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் போட்ட ஓர் அறை. வண்டி கேட்டு வருகிற போன்களை எடுப்பதும், எந்த வண்டியை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும் அக்காவின் வேலை. அந்த அறையில் எல்லாமே அவருடைய உயரத்துக்கு இருக்கும். சாவி மாட்டும் ஆணிகள், காலண்டர், மின்விசிறியின் சுவிட்சு, ஊர் வரைபடம் எல்லாம் சுவரின் கீழ்ப்பாதியில். மேல்பாதி வெள்ளையடித்தபடி சும்மா கிடக்கும். சாவி எடுக்க வருகிற டிரைவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிய வேண்டும். யாராவது முனகினால், “வெளியில நான் நிமிர்றேன்ல, உள்ள நீங்க குனிங்க” என்பார். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவருடைய இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. வாயை விட்டுவிட்டுப் போனது அந்தக் காய்ச்சல் செய்த ஒரே நல்ல காரியம் என்று அவரே சொல்வார்.

சக்கர நாற்காலியை அவர் வண்டி என்றுதான் சொல்வார். அதனால் அவருக்கு வண்டிக்காரர்கள் இரண்டு வகை. டாக்சி ஓட்டுகிறவர்கள் ஒரு வகை. சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். எந்த மருந்துக்கடையில் படி இல்லை, எந்தத் திரையரங்கில் கழிப்பறைக் கதவு அகலம் என்பதெல்லாம் அதில் போய்க்கொண்டிருக்கும். ஊருக்கு வெளியே உள்ள தீம் பார்க்கில் சனிக்கிழமைதோறும் இருட்டியதும் வாணவேடிக்கை விடுவார்கள். அதைப் பார்க்கப் போகிற வண்டிக்காரர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் அக்காவைக் கேட்பார்கள். எங்கே வண்டியை நிறுத்தினால் வானம் தெரியும் என்று அவருக்குத்தான் தெரியும். இடம் சொல்லிச் சொல்லியே இடத்தக்கா என்ற பெயர் விழுந்து, சொந்தப் பெயர் சம்பளக் கவரோடு நின்றுவிட்டது.

மற்ற எதிலும் அவருக்கு நாட்டமில்லை. ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, பொம்மை வேஷக்காரர்களின் ஊர்வலம் எல்லாம் அவரைப் பொறுத்தவரை வேறு யாருக்கோ நடப்பவை. ஊர்வலத்தில் அவர் பார்த்ததெல்லாம் முதுகுகள்தான். “இந்த ஊர்ல இருக்கிற முதுகு பூரா எனக்குத் தெரியும். முகத்தைக் காட்டினாத்தான் யாருன்னு கேப்பேன்” என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார். கீழே நடக்கிற எதையும் எட்டிப் பார்த்துத்தான் பார்க்க வேண்டும், எட்ட அவரால் முடியாது. வானத்தில் நடப்பதை மட்டுமாவது யாரும் மறைக்காமல் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பார்க் நிர்வாகம் வண்டிக்காரர்களுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது. தரையில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து, சுற்றிலும் கயிறு கட்டி, ஒரு காவலாளியையும் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே போய் வண்டியை நிறுத்தினால் எதிரே பொம்மைக் கோட்டையின் கோபுரம். வாணம் அந்தக் கோபுரத்துக்குப் பின்னால்தான் வெடிக்கும். கோபுரத்தின் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அவ்வளவுதான். கயிற்றுக்கு வெளியே நிற்கிற கூட்டம் நாற்காலிகளைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, கயிற்றின் மேலேயே சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கும். “தரையில படம் வரைய ஞாபகம் இருந்துச்சு. மேல வானம் இருக்கான்னு பாக்க மறந்துட்டாங்க. நின்னுகிட்டு யோசிச்சா அப்படித்தான்” என்பார். நின்றுகொண்டு யோசித்தவர்கள் என்பது அவர் அகராதியில் பெரிய வசவு. உயரமான கவுன்டர் கட்டிய வங்கிக்காரர், வாசலில் அழகுக்காக மூன்று படி வைத்த பல் டாக்டர், எல்லோருக்கும் அந்த ஒரே பட்டம்.

அவர் இடம் தேடுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. மத்தியானமே போய்விடுவார். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளங்கையை நெற்றிக்கு மேல் கூரையாக வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏரிக்கு நடுவில் இருக்கும் திட்டைப் பார்ப்பார். வாணம் அங்கிருந்துதான் கிளம்பும். போகிறவர் வருகிறவரில் வாட்டசாட்டமான ஆளாகப் பார்த்து, “தம்பி, இங்க ஒரு நிமிஷம் முதுகைக் காட்டி நில்லுங்க” என்பார். அந்த ஆள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார். “சரி, போங்க. நீங்க வந்தா இந்த இடம் தேறாது” என்று அனுப்பிவிடுவார். இப்படி அலசி எடுத்த இடங்களை எல்லோருக்கும் வாரி வழங்குவார். ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று அவருடைய சொந்த இடம். ஏரிக்கரையில் எப்போதோ மூடிப்போன ஐஸ்கிரீம் கடை ஒன்று இருக்கிறது. கடைக்கும் ஏரியோரக் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் ஒரு வண்டியின் அகலத்துக்குச் சந்து. ஒரு பக்கம் குப்பைத்தொட்டி, இன்னொரு பக்கம் விளக்குக் கம்பம். முன்னால் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர். யாருடைய அப்பாவும் முன்னால் வந்து நிற்க முடியாது. அங்கே வண்டியைச் செருகிவிட்டால் முழு வானமும் அக்காவுக்குத்தான். போதாக்குறைக்கு ஏரித் தண்ணீரிலும் இன்னொரு வானம். குழுவில் யார் எவ்வளவு கெஞ்சினாலும் அந்த இடத்தைச் சொல்ல மாட்டார். “எல்லாத்தையும் குடுத்துட்டேன். ஒண்ணு எனக்கு இருக்கட்டும்” என்று முடித்துவிடுவார்.

அதைக் கண்டுபிடித்தபோது கூட இருந்தது தங்கை. அப்போது தங்கைக்குக் கல்யாணமாகவில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அக்காவைத் தள்ளிக்கொண்டு பார்க்குக்கு வருவாள். அவள் நெட்டை. அக்காவிடமிருந்து கால்கள் கழித்த உயரத்தையும் தனக்கே சேர்த்துக்கொண்டவள் என்று அக்கா கிண்டல் செய்வார். சந்தில் தரை ஏரிப்பக்கம் சற்றே சரிவு. வண்டியின் பிரேக் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் வேடிக்கை முடிகிறவரைக்கும் தங்கை பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அக்காவால் எதையும் வாயை மூடிக்கொண்டு பார்க்க முடியாது. முதல் வாணம் கிளம்பும்போதே நேர்முக வர்ணனை தொடங்கிவிடும். “போவுது பாரு, போவுது, இப்ப விரியும், ஆங், பச்சை. பச்சைக்குள்ள இருந்து ஒரு செவப்பு எட்டிப் பாக்குது. இது மழை மாதிரி எறங்குதுடி. இன்னும் எறங்குது. தண்ணியத் தொட்டுரும்போல.” பின்னாலிருந்து ‘ஆமாக்கா’ என்று வந்துகொண்டே இருக்கும். திரும்பி வரும்போது எது பிடித்தது என்று கேட்பார். அந்தப் பச்சைதான் என்பாள் தங்கை. அக்காவுக்கும் பச்சைதான் பிடித்திருக்கும். ரத்த பாசம் என்றால் இதுதான் என்று அக்கா பூரித்துப்போவார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று வாசலில் புதிதாக வந்த காவலாளி அக்காவைத் தாண்டி, தங்கையைப் பார்த்து, “இவங்க நடப்பாங்களா?” என்று கேட்டான். இவங்களுக்கு வாய் இருக்கிறதா என்று கேட்டதைப் போல இருந்தது அக்காவுக்கு. வேறு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அன்று டிக்கெட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சந்துக்குள் போய் உட்கார்ந்தவர் வாணவேடிக்கை முழுவதையும் பேசாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். வெளியே வரும்போது தங்கை மெல்லச் சொன்னாள்.

“அடுத்த வாரம் நான் வரலைக்கா. அங்க பாக்க என்ன இருக்கு?”

காவலாளி மேல் காட்டாத கோபம் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. “உனக்குக் கால் இருக்கு. நீ எங்க வேணும்னாலும் போவ, எதை வேணும்னாலும் பாப்ப. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். தள்ள அலுப்பா இருந்தா அலுப்பா இருக்குன்னு சொல்லு. அதை மட்டம் தட்டாத” என்றார் அக்கா. கொட்டிய வார்த்தையை அள்ள முடியாது. தங்கை வீடு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை, அக்காவும் கூப்பிடவில்லை. சீக்கிரமே அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள்.

சண்டை என்று சொல்ல முடியாது. போனில் பேசிக்கொள்வார்கள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, பிள்ளை படிக்கிறானா. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதைப் போல நல்லபடியாகப் பேசிக்கொள்வார்கள். தங்கை தன் வீட்டுக்கு வரச்சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். வாசற்படியைச் சரித்து மேடு போட்டு வைத்திருப்பதாகக்கூட ஒருமுறை சொன்னாள். ஆபீசில் ஆள் இல்லை என்பார் அக்கா. வாணவேடிக்கையைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை. தன்னைத் தள்ளி அலுத்துப்போனவள் வீட்டில் போய் இன்னொரு முறை பாரமாக உட்கார அக்காவின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

தங்கை போன பிறகு டிரைவர்கள்தான் பார்க்குக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். வண்டியைச் சந்துக்குள் செருகி, சக்கரத்துக்கு முன்னால் ஒரு செங்கல்லைக் கொடுத்துவிட்டு, டீக்கடைப் பக்கம் போய்விடுவார்கள். அக்கா வர்ணனை சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். செங்கல்லும் ‘ஆமாக்கா’ சொல்லாத குறைதான்.

போன மாதம் குழுவில் புதிதாக ஒரு ரொட்டிக்கடைக்காரர் சேர்ந்தார். லாரி மோதி அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்தப் பெண் வீட்டு வாசலைத் தாண்டவில்லையாம். வாணவேடிக்கை என்றால் உயிராம். எப்படியோ சம்மதிக்க வைத்துவிட்டேன், நல்ல இடமாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டார். அக்கா வழக்கம்போல இரண்டாம் தர இடங்களில் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரொட்டிக்கடைக்காரர், “முதல் தடவையே முதுகைக் காட்டிட்டா அப்புறம் அவளை வெளிய கொண்டு வரவே முடியாதுக்கா” என்று சொல்லிவிட்டார். முதுகு என்ற சொல் அக்காவைச் சாய்த்துவிட்டது. முதல்முறையாகத் தன் சொந்த இடத்தைத் தாரை வார்த்தார். சனிக்கிழமை கூடவே போய், அந்தப் பெண்ணின் வண்டியைச் சந்தில் செருகும்வரை இருந்து மேற்பார்வை பார்த்துவிட்டு, தான் படகுத்துறைப் பக்கம் போய், பாதி வானத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

முடிந்ததும் விசாரிக்க வந்தார். அந்தப் பெண்ணின் முகமே சொல்லிவிட்டது. அழுதிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். அக்காவின் கையைப் பிடித்தவள் விடவில்லை. பெருமை தாங்கவில்லை அக்காவுக்கு. ரொட்டிக்கடைக்காரர் பக்கம் திரும்பி, “எப்படி நம்ம இடம்?” என்றார்.

ரொட்டிக்கடைக்காரர் மறைத்துப் பேசத் தெரியாத ஆள். பின்கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார். “உக்காந்தா வானம், நின்னா தகரம்” என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். வண்டி கம்பியை ஒட்டி நிற்கிறது. வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் ஐஸ்கிரீம் கடையின் தகரக் கூரைக்கு அடியில் நிற்கிறான். கூரையின் விளிம்பு புருவத்துக்கு வருகிறது. நிமிர்ந்தால் தகரம் இடிக்கிறது. குனிந்தால் நாற்காலியின் முதுகு தெரிகிறது. பக்கவாட்டில் நகரலாம் என்றால் ஒருபுறம் குப்பைத்தொட்டி, மறுபுறம் கம்பம். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார். இவளுக்குத் தெரிந்ததே எனக்குப் போதும் என்றும் மனசாரச் சொன்னார். அதற்குள் அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று அந்த மனிதர் பயந்துபோனார்.

அக்கா வண்டியைத் திருப்பி அந்தக் கூரையைப் பார்த்தார். இத்தனை காலமும் அது அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. வரும்போது கடையைப் பார்ப்பார், கம்பியைப் பார்ப்பார், கூரை கண்ணில் பட்டதே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை. ரொட்டிக்கடைக்காரர் சராசரி உயரம். அவருக்கே புருவத்தில் இடிக்கிறது என்றால் நெட்டைத் தங்கை எப்படி நின்றிருப்பாள்? கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும். அதுவும் நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்ற காலோடு.

வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொன்றாக வந்து குத்தியது. எது பிடித்தது என்று கேட்டால் ஏன் எப்போதும் அக்கா சொன்ன நிறத்தையே சொன்னாள் என்பது. ஒரே ஒருமுறை, சத்தம் நன்றாக இருந்தது என்று அவள் சொன்னதும், வாணத்தைக் காதாலா பார்ப்பார்கள் என்று அக்கா அவளைக் கேலி செய்தது. கடைசியாக, அங்க பாக்க என்ன இருக்கு என்று அவள் கேட்டது. அந்தக் கேள்வியை எத்தனை வருடம் மனதில் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டார் அக்கா! அது குத்தலும் இல்லை, அலுப்பும் இல்லை. உள்ளபடி கேட்ட கேள்வி. அங்கே பார்க்க அவளுக்கு ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களை எல்லாம் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுக் கூலி வாங்குகிற அக்கா, தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் அதை ஒருநாளும் கேட்டதில்லை. நின்றுகொண்டு யோசிக்கிறவர்களை ஊர் பூராவும் திட்டித் தீர்த்தவர் இவர். உட்கார்ந்துகொண்டு யோசித்தாலும் அதே லட்சணம்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் ஆபீசில் வரிசையாகத் தப்பு செய்தார். விமான நிலையத்துக்குக் கேட்ட வண்டியை விறகுக்கடைக்கு அனுப்பினார். மத்தியானம் கொஞ்சம் ஓய்ந்ததும் தங்கைக்குப் போன் போட்டார். சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கவில்லை.

“எனக்குப் பின்னாடி நின்னப்போ உனக்கு என்னடி தெரிஞ்சுது?”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. எந்தக் கதையைச் சொல்கிறாய் என்று தங்கை கேட்கவில்லை. சிரித்தாள். “தகரம்தான். ஓரத்துல துரு பிடிச்சிருக்கும்” என்றாள். ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். குரல் உடையாமல் இருக்க அதட்டலாகவே கேட்டார்.

“சொன்னா நீ இடத்தை மாத்திடுவ. அப்புறம் ரெண்டு பேருமா முதுகைப் பாத்துகிட்டு நிக்கணும். நீதான் ஒண்ணு விடாம சொல்லிட்டே வருவியே. எனக்கு அது போதும்னு இருந்துச்சுக்கா. அன்னைக்கு மட்டும்தான் நீ ஒண்ணுமே பேசல.”

மன்னித்துவிடு என்பது அக்காவின் வாயில் வந்து பழகாத சொல். கூடப்பிறந்தவளிடம் அதைச் சொல்லவும் ஏதோ நாடகம்போல இருந்தது. அதனால் இடம் சொன்னார். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது, உட்கார்ந்தவருக்கும் நின்றவருக்கும் தெரியும், பாதி வானம்தான் தெரியும், பரவாயில்லை, ஒரு சனிக்கிழமை வந்துவிட்டுப் போ என்றார். தங்கை முட்டி தேய்ந்துவிட்டதாகவும், முன்போல நிற்க முடியவில்லை என்றும், பஸ்ஸில் வருவதே பெரிய பாடு என்றும் சொன்னாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். கடைசியில், “பாக்கலாம்க்கா” என்றாள். நம் பேச்சில் ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்கப் போவதில்லை என்பதை நோகாமல் சொல்வது. அக்காவுக்கு அது தெரியாதா? இடது போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ரொட்டிக்கடைக்காரரும் மனைவியும் மறுபடி வந்தார்கள். கடையில் சுட்ட பன்னை ஒரு பையில் போட்டு அக்காவுக்குக் கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணைச் சந்துக்குள் செருகியதும் அக்கா தன் வண்டியையும் அவளுக்குப் பின்னால், தகரத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். அங்கே தரை சமம். பிறகு ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்து, நீங்கள் போய்ப் படகுத்துறையில் நின்று பாருங்கள் என்றார். மனிதர் தயங்கினார். மனைவிக்குச் சரிவு என்றால் இன்னும் பயம், யாராவது வண்டியைப் பிடித்துக்கொண்டால்தான் உட்காருவாள் என்றார். செங்கல்லெல்லாம் அவளுக்கு ஒத்துவராது. நீங்கள் உங்கள் இடத்தை விட்டுவிட்டு எங்கே பார்ப்பீர்கள் என்றும் கேட்டார்.

“நான் பாக்காத வாணமா? போங்க. நான் பிடிச்சுக்கிறேன்” என்று விரட்டினார் அக்கா. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். போகப்போக நடை வேகமானது. கடைசியில் கூட்டத்துக்குள் ஏறக்குறைய ஓடினார்.

முதல் வாணம் கிளம்புகிற சீற்றம் கேட்டது. அக்கா பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தினார். தகரம். ஓரத்தில் துரு. வெடித்த சத்தம் தகரத்தில் அதிர்ந்து இறங்கியது. துருவின் மேல் மங்கலாக ஏதோ ஒரு வெளிச்சம் ஓடி மறைந்தது. என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. முன்னால் நாற்காலியின் முதுகு, அதற்கு மேல் அந்தப் பெண்ணின் பின்தலை. கூட்டம் மொத்தமும் எதற்கோ வாய் பிளந்தது. எதற்கு என்று தெரியவில்லை. அந்தப் பெண் அமைதியானவள். வர்ணனை எல்லாம் சொல்லத் தெரியாதவள். அடுத்தடுத்து வெடித்தன. அக்காவின் வாய் பூட்டிக்கிடந்தது. ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை வாணம் விடுகிறார்கள், அது எவ்வளவு நேரம் என்பது உட்கார்ந்து பார்த்தபோது தெரியவே இல்லை.

நடுவில் எப்போதோ ஒரு பெரிய வெடி. அந்தப் பெண் தன்னை மறந்து கைதட்டினாள். பிறகு சட்டென்று நினைவு வந்தவளாகக் கழுத்தை வளைத்து, பின்னால் பார்க்க முயன்றாள். “அக்கா, உங்களுக்குத் தெரியுதா?” என்றாள்.

“நல்லா தெரியுதும்மா” என்றார் அக்கா. ஒரு கையால் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி அந்தப் பெண்ணின் கன்னத்தில் வைத்து, அவள் முகத்தை மெதுவாக ஏரிப்பக்கம் திருப்பிவிட்டார்.